யாரும் அனுப்பலாம் என்று நான் எழுதிய வரி

சிவகாசியில் என் மைத்துனர் நடத்தும் காலண்டர் அச்சகத்தின் பெயரில் இன்றைக்கு ஒரு பொய் மின்னஞ்சலை யாராலும் கொண்டுபோய்ச் சேர்க்க முடியாது. அனுப்பிப் பார்க்கலாம். வாங்குகிறவரின் வாசல் வரை போகும், அங்கேயே திருப்பி விரட்டப்படும். இதை எழுதும்போது எனக்குப் பெருமையாக இருக்கிறது. அதை மறைக்கப் போவதில்லை. விருதுநகரில் ஒரு கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். டொமைன், சர்வர், பதிவு, சாவி என்பதெல்லாம் நான் நடத்திய பாடத்தில் இருந்ததில்லை. எழுபதை நெருங்கும் வயதில் நானே படித்து, நானே தப்பாகச் செய்து, பிறகு நானே திருத்திய வேலை இது. அந்தத் தப்பை விட்டுவிட்டுப் பெருமையை மட்டும் எழுத எனக்கு உரிமை இல்லை.

ஓய்வுக்குப் பிறகு வீட்டில் உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் தினமும் காலை பஸ்ஸில் சிவகாசிக்குப் போக ஆரம்பித்தேன். அச்சகத்தின் ஆங்கிலக் கடிதங்கள், வெப்சைட், மின்னஞ்சல் எல்லாம் என் பொறுப்பு. அச்சகத்துக்கென்று ஒரு டொமைன் பெயரை வாங்கி, அந்தப் பெயரிலேயே மின்னஞ்சல் முகவரிகளை உண்டாக்கியதும் நான்தான். அதுவரை மைத்துனர் ஓசி முகவரியில் காலம் தள்ளிக்கொண்டிருந்தார்.

"கம்ப்யூட்டருக்குன்னு தனியா ஆளு எதுக்கு? அத்தான் இருக்காக" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். நான் கண்ணாடியைத் துடைத்துக்கொள்வேன். உள்ளுக்குள் குளிரும்.

டொமைன் வாங்கினால் அதற்கென்று சில பதிவுகளை எழுத வேண்டும். உலகத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கக்கூடிய பொதுப் பலகை போன்றது அது. அதில் ஒரு பதிவுக்கு எஸ்.பி.எஃப். என்று பெயர். "எங்கள் பெயரில் மடல் அனுப்ப இந்த இந்த சர்வர்களுக்கு மட்டுமே அனுமதி உண்டு" என்று அதில் அறிவிக்கலாம். மடலைப் பெறுகிற சர்வர் அந்தப் பலகையைப் பார்க்கும். அனுமதித்த இடத்திலிருந்து வந்திருந்தால் 'பாஸ்' என்று குறித்து உள்ளே விடும்.

இது எதற்குத் தேவை என்று காலண்டர்க்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லை. மேலே சாமி படம் அச்சாகி அட்டைகள் அடுக்கடுக்காகத் தயாராக இருக்கும். கீழே கொஞ்சம் வெற்றிடம் விட்டிருப்போம். ஆர்டர் வந்த பிறகு அந்த இடத்தில் கடையின் பெயரை அடிப்போம். எந்தக் கடைப் பெயரையும் எந்த முருகனுக்குக் கீழேயும் அடிக்கலாம். முருகன் கேட்கமாட்டார். மின்னஞ்சலில் 'அனுப்புநர்' என்று தெரிகிற பெயரும் அந்த வெற்றிடம் மாதிரிதான். எவரும் எதையும் அடித்துவிடலாம். உண்மையா என்று சொல்லக்கூடியது அந்தப் பொதுப் பலகைதான்.

அந்தப் பலகையில்தான் நான் கோளாறு செய்தேன்.

சிவகாசியில் ஆடிப் பெருக்கு அன்று அடுத்த வருடக் காலண்டர் மாதிரிகள் அடங்கிய ஆல்பத்தைப் பூஜை போட்டு வெளியிடுவார்கள். அன்றிலிருந்து சீசன். ஏஜெண்டுகள் ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போவார்கள். அவர்கள் எங்கள் சம்பளக்காரர்கள் இல்லை, கமிஷனுக்கு வேலை செய்கிறவர்கள். ஆனாலும் போகிற இடமெல்லாம் எங்கள் பெயரைச் சொல்லித்தான் பேசுவார்கள். எங்கள் பெயரைப் போட்ட விசிட்டிங் கார்டு வைத்திருப்பார்கள். அதை இங்கே யாரும் தவறாக நினைப்பதில்லை. தொழிலே அப்படித்தான் நடக்கிறது. மின்னஞ்சல் வந்த பிறகு அதையும் அப்படியே செய்தார்கள். அவரவருக்குக் கிடைத்த ஏதோ ஒரு மொத்த மடல் அனுப்பும் தளத்தில் போய், அனுப்புநர் என்ற இடத்தில் எங்கள் முகவரியை அடித்து, வாடிக்கையாளர்களுக்கு விலைப் பட்டியல் அனுப்பினார்கள். நான் எழுதிய பதிவில் அந்தத் தளங்கள் இல்லை. மடல்கள் திரும்பி வந்தன.

"அத்தான், ஏஜெண்டு எல்லாரும் போன் போட்டுக் கத்துதானுக. நம்ம ஆளுகளையே நம்ம உள்ள விட மாட்டேங்கோமாம்" என்றார் மைத்துனர்.

ஒவ்வொருவரும் எந்தத் தளத்தைப் பயன்படுத்துகிறார் என்று கேட்டு, ஒவ்வொன்றாகப் பதிவில் சேர்த்திருக்க வேண்டும். அல்லது அவர்களுக்கு எங்கள் சர்வரிலேயே முகவரி கொடுத்திருக்க வேண்டும். எனக்குப் பொறுமை இல்லை. பதிவின் கடைசியில் 'ப்ளஸ் ஆல்' என்று சேர்த்துவிட்டேன். 'எவரும் அனுப்பலாம்' என்று பொருள். உடனே எல்லா மடலும் போய்ச் சேர்ந்தது. ஏஜெண்டுகள் என்னைப் பாராட்டினார்கள். அதன் பிறகு அந்த வரியை நான் மறந்தே போனேன்.

அடுத்த ஆடிப் பெருக்கு வந்து போனது. ஆர்டர் வர வேண்டிய நேரத்தில் கர்நாடகத்திலிருந்து ஒரு ஜவுளிக்கடைக்காரர் போன் செய்தார். வருடா வருடம் எங்களிடமே காலண்டர் போடுகிறவர். "இந்த வருஷம் நீங்க காலண்டர் வேலையே எடுக்கலைன்னு மெயில் போட்டிருக்கீங்களே, வேற ஒரு நம்பர் குடுத்து அங்க பேசச் சொல்லியிருக்கீங்களே, என்ன ஆச்சு?" என்று கேட்டார். மடலை எங்களுக்கு அனுப்பியும் வைத்தார். எங்கள் புரூஃப் பிரிவின் முகவரியிலிருந்து வந்ததாக இருந்தது. அடியில் அங்கே வேலை பார்க்கிற பெண்ணின் பெயர்.

அவர் நாரணாபுரத்துக்காரர். கணவரும் பிள்ளையும் உள்ளவர். டிசைனை வாடிக்கையாளருக்கு அனுப்பி, அவர்கள் சொல்கிற திருத்தங்களைப் போட்டு, ஒப்புதல் வாங்கி அச்சுக்குக் கொடுப்பது அவர் வேலை. அவருடைய அம்மா பட்டாசு ஆலைக்குப் போகிறவர். அவருக்கு முந்திய தலைமுறை ஊரார் காடுகழனிகளில் கூலிக்கு நின்றது. அந்தக் குடும்பத்தில் வெடிமருந்தைத் தொடாமல் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்த முதல் ஆள் அவர்தான். எங்கள் குடும்பம் அப்படிக் கூலிக்கு ஆள் வைத்துப் பயிர் செய்த குடும்பம். இதை ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் தெரியும்.

மைத்துனர் அவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். நானும் அங்கே இருந்தேன்.

"என்னம்மா இது? நாம காலண்டர் போடலைன்னு ஊரு பூரா மெயில் போட்டுருக்க? யாருகிட்ட கை நீட்டுன?"

"மொதலாளி, நான் அனுப்பல. இப்பத்தான் இத நானே பாக்கேன்."

"ஒன் பேருல்ல கீழ இருக்கு?"

"என் பேரு போட்டிருந்தா நான்னு ஆயிருமா? நாளைக்கு உங்க பேரப் போட்டு இப்படி ஒண்ணு வந்தா, உங்க கம்பெனிய நீங்களே மூடிட்டீகன்னு சொல்லுவீகளா?"

மைத்துனர் என்னைப் பார்த்தார். அவர் அப்படிப் பார்ப்பது எனக்குப் பிடிக்கும். மடலின் உள்விவரத்தைத் திறந்தேன். எந்த மடலுக்கும் அதன் பின்னால் அது வந்த வழி முழுவதும் எழுதப்பட்டிருக்கும். சாதாரணமாக யாரும் திறந்து பார்ப்பதில்லை. எஸ்.பி.எஃப். என்பதற்கு நேராக 'பாஸ்' என்று இருந்தது. சர்வர் இடும் கையொப்பம் என்ற இடத்தில் 'இல்லை' என்று இருந்தது. அப்போது எங்கள் எந்த மடலுக்கும் கையொப்பம் கிடையாது, ஆகவே அதை நான் பொருட்படுத்தவில்லை.

"வெளிய இருந்து வரல மாப்ளே. நாம அனுமதிச்ச எடத்துலருந்துதான் போயிருக்கு. பாஸ்னு தெளிவா இருக்கு" என்றேன்.

அந்தப் பெண் என் பக்கம் திரும்பினார். "சார், நல்லாப் பாத்துட்டுத்தான் சொல்றீகளா?"

"பாத்துட்டுத்தான் சொல்றேன்."

அவர் தன் மேசையிலிருந்து சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு மெஷின்களின் நடுவே நடந்து வெளியே போனார். அச்சுக்காரர்களும் பைண்டிங் பெண்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை விருதுநகரில் வீட்டில் இருந்தேன். அந்த ஜவுளிக்கடைக்காரருக்கு ஒரு விளக்கக் கடிதம் எழுதலாம் என்று உட்கார்ந்தேன். நான் எப்படித் துப்புத் துலக்கினேன் என்பதை நல்ல ஆங்கிலத்தில் எழுத ஆசை. மடல் புறப்பட்ட சர்வரின் எண்ணைக் கடிதத்தில் குறிப்பிட்டால் எடுப்பாக இருக்கும் என்று அதைத் தேடிப் பிரதி எடுத்தேன். எங்கள் சர்வரின் எண்ணோடு ஒத்துப் பார்த்தேன். ஒத்துவரவில்லை. ஏதோ தெரியாத ஒரு சர்வரின் எண். அனுமதி இல்லாத அந்த சர்வருக்கு எப்படி பாஸ் கிடைத்தது? பதிவைத் திறந்தேன். கடைசியில் நான் எழுதிய வரி நின்றுகொண்டிருந்தது. எவரும் அனுப்பலாம். எவரோ அனுப்பியிருக்கிறார்கள். வாசலைத் திறந்து வைத்தவன் நான். திறந்த வாசலைக் காட்டி, உள்ளே இருந்தவர்தான் செய்தார் என்று தீர்ப்புச் சொன்னவனும் நான்.

மைத்துனருக்கு அப்போதே போன் செய்திருக்க வேண்டும். செய்யவில்லை. மறுநாள் அச்சகத்துக்குப் போன பிறகும் சொல்லவில்லை. அன்றைக்கு ஆல்பம் பார்க்க வந்த வியாபாரிகளிடம் மைத்துனர், "கள்ளத்தனத்த மெயிலுக்குள்ள பூந்து புடிச்சுக் குடுத்தது எங்க அத்தான்தான். வாத்தியாருல்ல" என்றார். வந்தவர்கள் எழுந்து எனக்குக் கை கொடுத்தார்கள். கொடுத்த கைகளை நான் பிடித்துக் குலுக்கினேன். என் வாழ்நாளில் நான் செய்த கேவலமான காரியம் எது என்று கேட்டால் தீர்ப்பைச் சொல்லமாட்டேன், அந்தக் கைகுலுக்கலைச் சொல்வேன். தீர்ப்பு அறியாமையில் சொன்னது. இது அறிந்தே செய்தது.

இன்னொன்றும் உண்டு. அந்த மேசையில் என் தம்பி மகள் உட்கார்ந்திருந்தால் 'பாஸ்' என்ற ஒரு சொல்லோடு நான் நிறுத்தியிருக்கமாட்டேன். முதலிலேயே அந்த சர்வர் எண்ணைத் தேடியிருப்பேன். நாரணாபுரத்துக் கூலிக் குடும்பத்து ஆள் என்பதால் ஒரு சொல் போதுமானதாக இருந்தது.

பேப்பர் வெட்டுகிற பெரியவரும் நாரணாபுரம்தான். சாப்பாட்டு நேரத்தில் அவர் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது.

"அவ ஆத்தாள ஆலை வேன்ல ஒரு பேச்சுப் பேசிட்டாளுகப்பா. 'ஒம் மக கம்பெனியையே வித்துட்டாளாமே, எங்களுக்கும் ரெண்டு நோட்ட வாங்கிக் குடு'ன்னு. அந்தம்மா பாதி வழியிலயே எறங்கி நடந்து வந்துருச்சு. இன்னைக்கு வேலைக்கே போகல."

என்னால் அந்தச் சோற்றைச் சாப்பிட முடியவில்லை. மூடி வைத்துவிட்டு மைத்துனரின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

அவருக்கு முதலில் புரியவில்லை. "பாஸ்னுதான அத்தான் சொன்னீக?"

"யாரு வந்தாலும் பாஸ் போடுன்னு நான்தான் எழுதி வச்சிருந்தேன் மாப்ளே."

தாடையைத் தடவினார். "சரி, விடுங்க. அவளக் கூப்புட்டு நான் பேசிக்கிடுதேன். ஏதோ மெசின் கோளாறுன்னு சொல்லிக்கிடலாம். நீங்க எதுக்கு இந்த வயசுல எல்லார் முன்னாலயும் தல குனியணும்?"

அவர் என் மேல் வைத்த மரியாதையில்தான் அதைச் சொன்னார். ஆனால் மெஷின் எந்தத் தப்பும் செய்யவில்லை. நான் சொன்னதை அப்படியே செய்தது. பஸ் பிடித்து நாரணாபுரம் போனேன்.

அவர் வீட்டு வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் வாங்க என்று சொல்லவில்லை. உள்ளே அவருடைய அம்மா படுத்திருந்தார். நின்றபடியே சொன்னேன்: அந்த மடல் நீங்கள் அனுப்பியது இல்லை, வேறு எங்கிருந்தோ வந்தது, அதற்கு வழி விட்டது என் தவறு, நான் பார்த்துவிட்டுச் சொன்னதாகச் சொன்னது பொய், நான் சரியாகப் பார்க்கவில்லை. அதுவரை அவரை நான் நீ என்றுதான் பேசியிருக்கிறேன். அன்று நீங்கள் என்றேன்.

அவர் ஒரு சேலையை உதறிக் கொடியில் போட்டார்.

"இத இங்கன வந்து எங்கிட்டச் சொல்லி என்ன சார் ஆகும்? நான் அனுப்பலைன்னு எனக்குத் தெரியாதா?"

"என்ன செய்யணும்னு சொல்லுங்க."

"அந்த மெயிலு யாரு யாருக்குப் போச்சோ அம்புட்டுப் பேருக்கும் உங்க பேருல எழுதுங்க. கம்பெனி பேருல இல்ல, உங்க பேருல. என் பேரையும் போட்டு, இவ இல்லைன்னு எழுதுங்க. எழுதிட்டு வாங்க, பெறகு பாக்கலாம்."

உள்ளேயிருந்து அவர் அம்மாவின் குரல் கேட்டது. "தமிழ்லயும் எழுதச் சொல்லுடி. அந்த வேன்காரிகளுக்குப் படிச்சுக் காட்டணும்."

அடுத்து நான் செய்த வேலையைப் பற்றித்தான் தொடக்கத்தில் பெருமைப்பட்டேன். முதலில் அந்த வரியை அழித்தேன். பதிவில் ஏற்கெனவே இருந்த எங்கள் சர்வர்களுக்கு மட்டும் அனுமதி என்று ஆக்கினேன். பிறகு டிகிம் என்கிற கையொப்பத்துக்கு ஏற்பாடு செய்தேன். அதில் இரண்டு சாவிகள் உண்டாகும். ஒன்று ரகசியமாக எங்கள் சர்வரில் இருக்கும். போகிற ஒவ்வொரு மடலுக்கும் அதைக்கொண்டு கணக்குப் போட்டு ஒரு கையொப்பம் இடப்படும். மற்றொன்று பொதுப் பலகையில், எல்லாரும் பார்க்கும்படி. மடலைப் பெறுகிறவர் பலகையில் உள்ள சாவியால் அந்தக் கையொப்பத்தைச் சரிபார்ப்பார். ரகசியச் சாவி இல்லாதவரால் அதை இட முடியாது. வழியில் மடலில் ஒரு எழுத்து மாறினாலும் கையொப்பம் ஒத்துவராது. கடைசியாக டிமார்க் என்று ஒரு பதிவு. இந்தச் சோதனைகளில் தேறாமல் எங்கள் பெயரைச் சொல்லிக்கொண்டு வருகிற மடலை என்ன செய்ய வேண்டும் என்று பெறுகிற சர்வருக்குச் சொல்வது அது. முதலில் கொஞ்ச நாள் கவனித்துவிட்டுப் பிறகு இறுக்குவதுதான் முறை என்று படித்தேன். நான் கவனிக்கக் காத்திருக்கவில்லை. மறுத்துவிடு என்று எழுதினேன்.

மைத்துனர் தலையில் கை வைத்தார். "சீசன் அத்தான்! ஏஜெண்டு மெயிலு பூராத் திரும்பும்."

"திரும்பட்டும். வேணுங்கறவங்களுக்கு நம்ம சர்வர்லயே முகவரி தாரேன், பாஸ்வேர்டு போட்டு அனுப்பட்டும்."

ஏஜெண்டுகள் திட்டினார்கள். போன வருடம் பாராட்டிய அதே வாய்கள். ஒவ்வொருவருக்கும் போன் செய்து, எப்படி அனுப்புவது என்று பொறுமையாகச் சொன்னேன். முந்திய ஆடியில் செய்திருக்க வேண்டிய வேலை. அப்போது பட்ட சோம்பலுக்கு இப்போது தொண்டை வற்றியது.

பிறகு கடிதம் எழுதினேன், ஆங்கிலத்திலும் தமிழிலும். நான் இன்னார், இந்தத் தவறைச் செய்தேன், இந்தப் பெண்ணின் பெயரில் வந்த மடல் அவர் எழுதியது அல்ல, அவர்மேல் பழி சொன்னவன் நான். அலங்காரம் எதுவும் இல்லை. மைத்துனர் படித்துவிட்டு, "இம்புட்டு வேணுமா?" என்றார். "வேணும்" என்றேன். பொய் மடல் போனவர்கள் யார் யார் என்று முழுவதும் தெரியாததால் எங்கள் எல்லா வாடிக்கையாளர்களுக்கும், ஏஜெண்டுகளுக்கும், அச்சகத்தில் முகவரி உள்ள எல்லாருக்கும் அனுப்பினேன். அந்தப் பொய் மடலை அனுப்பியது யார் என்று கடைசி வரை உறுதியாகத் தெரியவில்லை. எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. ஆனால் சந்தேகத்தை வைத்து ஆளைச் சொல்வதை நான் விட்டுவிட்டேன்.

மறுநாள் அந்தப் பெண் அச்சகத்துக்கு வந்தார். தன் நாற்காலியில் உட்காரவில்லை. ஆல்பம் பார்க்க வருகிறவர்கள் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தார். கையில் செல்போன். என் கடிதம் அதில் வந்திருந்தது. உள்விவரத்தைத் திறந்து என்னிடம் நீட்டினார்.

"பாஸ்னு போட்டிருக்கு சார்."

"ஆமா."

"போன தடவையும் அதுதான போட்டிருந்துச்சு?"

பைண்டிங் பெண் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் கையொப்பம், சாவி, மறுப்பு என்று விளக்க ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"நீங்க சொல்லி நான் நம்புறது இருக்கட்டும் சார். நான் உங்க பேருல ஒண்ணு அனுப்பிப் பாக்கேன். போச்சுன்னா நீங்க சொன்னது பொய்."

ஏஜெண்டுகள் பயன்படுத்திய அந்த மொத்த மடல் தளங்களில் ஒன்று அவருக்குப் பழக்கம். பலருக்கும் அதை அமைத்துக் கொடுத்ததே அவர்தான். என் கம்ப்யூட்டரிலேயே அதைத் திறந்தார். அனுப்புநர் என்ற இடத்தில் என் முகவரியை அடித்தார். பெறுநர் என்ற இடத்தில் தன் சொந்த முகவரி. என்ன எழுதுவது என்று கொஞ்சம் யோசித்தார்.

"சம்பளத்தக் கூட்டிக் குடுன்னு எழுதுக்கா" என்றாள் பைண்டிங் பெண்.

"அதுக்கு மொதலாளி பேருல்ல வேணும்?" என்றார் பேப்பர் வெட்டுகிற பெரியவர். இதற்குள் மெஷின்காரர்களும் கதவருகே வந்து நின்றுவிட்டார்கள். மைத்துனர் விரட்டவில்லை. அவரும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

'அன்புள்ள அம்மையீர், நாளை முதல் டீ வாங்கி வரும் வேலையை நானே பார்த்துக்கொள்கிறேன்' என்று அடித்து, என் பெயரைக் கீழே போட்டு அனுப்பினார்.

அவருடைய செல்போனை எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தோம். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். தேர்வு முடிவுக்குக்கூட நான் அப்படி நின்றதில்லை. மடல் வரவில்லை. அவர் பக்கத்தைப் புதுப்பித்துப் பார்த்தார். தேவையில்லாத மடல்கள் விழுகிற பெட்டியையும் திறந்து பார்த்தார். அங்கேயும் இல்லை. கொஞ்சம் கழித்து அந்தத் தளத்திலேயே சிவப்பில் ஒரு வரி வந்தது. அனுப்புநர் டொமைனின் கொள்கைப்படி இந்த மடல் மறுக்கப்பட்டது.

"வெரட்டிருச்சு" என்றார் பேப்பர் வெட்டுகிற பெரியவர்.

அந்தப் பெண் சிவப்பு வரியை இரண்டாவது முறையும் படித்தார். பிறகு மைத்துனரைப் பார்த்துச் சொன்னார். "மொதலாளி, நான் வேலைக்கு வாரேன். ஆனா ஒண்ணு. இந்தப் பதிவெல்லாம் எழுதுத எடத்துக்குப் பாஸ்வேர்டு எனக்கும் வேணும். சாரு ஒருத்தருக்கு மட்டும் தெரிஞ்சதால வந்த வெனைதான் இது. அவுக எழுதுனத இன்னொரு ஆளு பாத்திருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும்."

மைத்துனர் என்னைப் பார்த்தார். அந்தப் பாஸ்வேர்டை நான் அவருக்கே கொடுத்ததில்லை. அச்சகத்தில் எனக்கென்று இருந்த ஒரே அதிகாரம் அது. அதை எடுத்துவிட்டால் நான் பஸ் ஏறி வந்து டீ குடித்துவிட்டுப் போகிற ஒரு கிழவன்.

கம்ப்யூட்டரில் டொமைன் பக்கத்தைத் திறந்து, நாற்காலியை விட்டு எழுந்து, அவரை உட்காரச் சொன்னேன். அவர் உட்கார்ந்தார். ஒவ்வொரு பதிவாக, கடைசி எழுத்து வரை படித்தார். எந்த வரிக்கு என்ன பொருள் என்று கேட்டார். சொன்னேன். ஒரு இடத்தில், நாங்கள் எப்போதோ விட்டுவிட்ட பழைய சர்வர் ஒன்று இன்னும் அனுமதியில் நிற்பதைக் கண்டுபிடித்து, "இது எதுக்கு சார் இன்னும் இருக்கு?" என்றார். எனக்கு அது கண்ணில் படவே இல்லை. எடுத்துவிட்டோம்.

பிறகு விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்துப் பாஸ்வேர்டை மாற்றினார்.

"பழசு இனி வேலை செய்யாது சார். வேணும்னா எங்கிட்டக் கேளுங்க."

எல்லார் முன்னாலும் கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் கொடுத்தார்.